புறாமுனையில் மீன் கடிப்பதில்லை

பெரினாவின் வீட்டு ரேடியோ நவம்பரிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. திருப்பி வைத்தவள் அவளுடைய நாத்தனார் ஒர்சோலா. பெரினாவின் கணவர் பாஸ்கோவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே, கறுப்புக் கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்த வேலையை முடித்தாள்.

"வருஷத் திருப்பலி முடியட்டும் அண்ணி. அப்புறம் திருப்பிக்கலாம்."

அந்த ரேடியோவில் பாட்டுக் கேட்டவரே பாஸ்கோதான். பெரினாவுக்கு வானிலை அறிக்கை போதும்.

அந்தத் தீவில் ஒரு விதவை செய்யக்கூடாதவற்றை யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் கறுப்பு உடுப்பு. பாட்டு கிடையாது, கல்யாண விருந்து கிடையாது, துறைமுகக் காபிக்கடையின் வெளி நாற்காலி கிடையாது. கடல் குளியல் கிடையவே கிடையாது. மற்ற பெண்கள் கோடை முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில் தொப்பியோடு நின்று ஊர்க்கதை பேசுவார்கள். துக்கத்தில் இருப்பவள் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.

பெரினா இருந்தாள். பிப்ரவரியில் வடகாற்று அடித்த ஒரு காலையில் கொடியிலிருந்த போர்வையை எடுக்கப் போனாள். போர்வை பாய்மரம்போலப் புடைத்து அவளை இழுத்தது. கல்படியில் விழுந்தாள். இடுப்பு போயிற்று. கப்பலில் ஏற்றிக் கரையிலிருக்கும் ஸ்ப்ளிட் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உடைந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்து அனுப்பினார்கள்.

எலும்பு ஒழுங்காக ஆறியது. தசைதான் ஆறவில்லை. எலும்பை டாக்டர் பார்த்துக்கொள்வார். தசையை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் வந்தபோதும் அவள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வாசற்கதவு வரைக்கும்தான் போனாள். அதற்கே மேல்மூச்சு வாங்கியது. நியூசிலாந்தில் இருந்த மகன் ஃபோனில் நயமாகத்தான் சொன்னான். "அம்மா, குளிர்காலத்துக்குள்ள நடந்துட்டா சரி. இல்லேன்னா கரையில ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். சுத்தமா இருக்கு." சுத்தமாக இருக்கிறது என்று அவன் சொன்ன பிறகு அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஸ்டானா வருவாள். ஊராட்சி அனுப்பும் முதியோர் பராமரிப்புப் பெண். ஐம்பதைத் தாண்டியவள், தோள் அகன்றவள், கரைக்குப் பின்னால் இருக்கும் கற்குன்றுகளில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவள் மலைக்காரிதான். நீந்தத் தெரியாது. கடலைப் பார்த்தால், கட்டிப்போடாத நாயைப் பார்ப்பதுபோல ஒதுங்கி நடப்பாள்.

அன்றைக்கு ஸ்டானா அளவுநாடாவைத் தொடையில் சுற்றிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"போன வாரத்தைவிட இளைச்சிருக்கு."

"தொடையா?"

"பின்ன மூக்கா? ஆஸ்பத்திரியில கடல்ல நடக்கச் சொல்லித்தானே அனுப்பினாங்க? தண்ணியில உடம்புக்கு எடை கிடையாது. தினம் கொஞ்சம் நடந்தா சதை திரும்பி வரும்."

"துக்கத்துல இருக்கேன்."

"நீச்சலுடை என்ன கலரு?"

"கறுப்பு."

"அப்புறம் என்ன? துக்கத்தோடயே எறங்குங்க."

பெரினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஒர்சோலாவுக்குத் தெரிஞ்சா சாமியார் வரைக்கும் போயிடுவா. ஞாயித்துக்கிழமை வந்தா என் காலுறை கனமான கறுப்பா, மெல்லிசுக் கறுப்பான்னு கிள்ளிப் பாக்கறவ அவ."

"சரி, அப்ப இப்படியே உக்காந்திருங்க. நவம்பர்ல திருப்பலிக்கு நீங்க நடந்து போக மாட்டீங்க. மகன் பாத்து வெச்ச சுத்தமான எடத்துலேர்ந்து நாலு பேரு தூக்கிட்டு வருவாங்க."

ஸ்டானா இப்படித்தான். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. பெரினா சன்னல் வழியாகப் பார்த்தாள். வீட்டுக்கு அடியிலேயே, பாசி படிந்த கயிற்றில், பாஸ்கோவின் சின்னப் படகு ஆடிக்கொண்டிருந்தது.

"ஊருக்குள்ள முடியாது. புறாமுனைக்குப் பின்னால ஒரு எடம் இருக்கு. அவரு தூண்டில் போடப் போற எடம். அங்க எவனும் வர மாட்டான். மீனே கெடையாது."

அது ஊரறிந்த வேடிக்கை. கோடை பிறந்தால் பாஸ்கோ தினமும் விடிந்ததும் புறாமுனைக்குப் போவார். வெயில் ஏறும்போது இரண்டு மூன்று சின்ன மீனோடு திரும்புவார். "ஒண்ணும் கடிக்கல பெரினா" என்பார். மூடிப்போன மீன் ஆலையில் எஞ்சின் பார்த்தவர். எந்திரத்தின் வயிற்றுவலியைக் காதாலேயே கண்டுபிடிப்பார். மீன் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. பெரினா மீனவன் மகள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அப்பாவோடு துடுப்புப் போட்டவள். பதினைந்து வயதில் அதே ஆலைக்கு மத்தித் தலை கிள்ளப் போனவள். அங்கேதான் பாஸ்கோவைப் பார்த்தாள். அவர் சில நாள் கொண்டுவரும் மீனில் மத்தியும் கிடக்கும். மத்தி வலையில் படும் மீன், தூண்டிலில் கடிக்காது. "இது எந்த முள்ளுல கடிச்சுது?" என்று கேட்டால் அவர் திருதிருவென்று முழிப்பார். வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வலைக்காரன் ஆந்த்ரோவிடம் வாங்கிவருகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆண்பிள்ளையின் மானம், போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டார்கள். இடுப்பு மாற்றியவளைப் படகில் ஏற்றுவது சும்மா இல்லை. ஸ்டானா முதலில் துறைக்கல்லில் தடித்த மெத்தையைப் போட்டு உட்கார வைத்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, உடம்பை அலமாரி திருப்புவதுபோல முழுசாகத் திருப்பி, படகின் இருக்கைக்கு நகர்த்தினாள். அந்த இருக்கையிலும் மெத்தை, இடுப்பு மடங்கக்கூடாது. தான் ஏறுவதற்கு முன்னால் படகுப் பெட்டியிலிருந்த மிதவைச் சட்டையை எடுத்துக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டாள்.

"துடுப்பு யாரு போடறது?" என்றாள்.

"நான்தான். உன்கிட்ட குடுத்தா மத்தியானம் இத்தாலியில இருப்போம்."

"கடவுளே. நோயாளி துடுப்புப் போட, பாக்க வந்தவ மடியில கைவெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்."

"ஜெபமாலையை எடு. வேலை கெடைக்கும்."

பெரினாவின் கால்தான் செத்திருந்தது. கை சாகவில்லை. நான்கு இழுப்பில் படகு துறையைவிட்டு வெளியே வந்துவிட்டது. தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. பைன் மரங்களில் சில்வண்டு இன்னும் தொடங்கவில்லை. ஸ்டானா இரண்டு பக்கமும் பலகையைப் பற்றிக்கொண்டு, மாதாவின் பெயரை ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை சொன்னாள்.

முனையைத் தாண்டியதும் பாறை உள்வாங்கி ஒரு சின்னக் கிண்ணம்போல நின்றது. மேலே புறாக்கள் அடையும் பொந்துகள். கீழே தண்ணீருக்குள் பச்சை வெளிச்சம். பெரினா இங்கே வந்து பல காலம். அப்போது இது வெறும் கூர்ப்பாறை. இறங்கினால் முள்ளுருண்டையாய்ப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் கடல் முள்ளெலிமேல்தான் கால் வைக்க வேண்டும். இப்போது பார்த்தால் பாறையோடு பாறையாகச் சிமெண்டில் பூசிய படிகள். தாழ்வான, அகலமான படிகள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். படிகளில் பாசிகூட இல்லை. யாரோ கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

ஒரு வசந்தகாலத்தில் பாஸ்கோ படகில் சிமெண்ட் மூட்டை ஏற்றியது அவளுக்கு நினைவு வந்தது. படகு கட்டும் வளையத்தைச் சரிபண்ணப் போகிறேன் என்றார். தூண்டில் போட இத்தனை படி எதற்கு?

"பெரினாக்கா, அங்க பாருங்க" என்றாள் ஸ்டானா.

மேல்படியில் கறுப்பு உடுப்பு ஒன்று மடித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தது. மேலே கறுப்புக் காலுறை. கனமான கறுப்பு. பெரினாவுக்கு அந்தக் காலுறையைத் தெரியும்.

தண்ணீரில் ஒரு வைக்கோல் தொப்பி மிதந்து வந்தது. தொப்பிக்குக் கீழே ஒர்சோலாவின் முகம்.

படகு பாறையில் மெல்ல இடித்தது.

"நான் சிப்பி பொறுக்க வந்தேன்" என்றாள் ஒர்சோலா.

"தொப்பியோடயா?"

"வெயிலு."

"வெயில் இன்னும் வரலியே ஒர்சோலா."

"நீங்க மட்டும் எதுக்கு வந்தீங்க அண்ணி? கறுப்பு உடுப்புக்கு உள்ள என்ன போட்டிருக்கீங்க? தோள்ல பட்டை தெரியுதே!"

"நானும் சிப்பி பொறுக்கத்தான்."

ஸ்டானா சிரித்துவிட்டாள். பெரினாவும் சிரித்திருப்பாள், ஆனால் ஒர்சோலாவின் முகம் சிரிக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் ஒரு கையை நெஞ்சோடு குறுக்கே அணைத்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ரொம்ப நேரமா இருக்கீங்க போல. வெளிய வாங்க" என்றாள் ஸ்டானா.

"நீங்க முதல்ல போங்க. நான் அப்புறம் வரேன்."

"இவ்வளவு தூரம் துடுப்புப் போட்டுட்டு நான் எங்கடி போறது?" என்றாள் பெரினா. கோபம் மெதுவாகத்தான் வந்தது. ஏழு மாதமாகக் காலுறையைக் கிள்ளிப் பார்த்தவள், ரேடியோவின் முகத்தைத் திருப்பி வைத்தவள், இங்கே தொப்பி போட்டு மிதந்துகொண்டிருக்கிறாள்!

ஸ்டானாவுக்கு அந்தக் கையின் நிலை புரிந்துவிட்டது. அப்படிக் கையை அணைத்துக்கொள்கிற பெண்கள் பலரைக் குளிப்பாட்டியிருக்கிறாள். படகிலிருந்து பாறைக்குத் தவழ்ந்து ஏறினாள். குழாயைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கடலுக்குள் இறங்கினாள். ஒர்சோலாவின் துண்டை அகலமாக விரித்துப் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாங்கம்மா. நான் பாக்காதது எதுவும் உங்ககிட்ட இல்ல. சீக்கிரம் வாங்க, எனக்கு நீந்தத் தெரியாது."

ஒர்சோலா படியேறினாள். துண்டுக்குள் போய்விட்டாள். ஆனால் ஈரத் துணி உடம்போடு ஒட்டியிருந்த அந்த ஒரு நொடியில் பெரினா பார்த்துவிட்டாள். இடது பக்கம் நெஞ்சு தட்டையாக இருந்தது.

பல வருடத்துக்கு முன்னால் ஒர்சோலாவை ஆபரேஷனுக்காகத் தலைநகருக்குக் கூட்டிப் போனவர் பாஸ்கோ. கர்ப்பப்பைக் கோளாறு என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஒர்சோலா கல்யாணம் செய்துகொள்ளாதவள். கோயில் பீடத்துணிகளைத் தைத்து, துவைத்து, இஸ்திரி போடுகிறவள். எந்தக் கோடையிலும் கழுத்துவரை பொத்தான் போட்டவள். கடவுள் பக்தி என்று ஊர் நினைத்தது. பெரினாவும் நினைத்தாள்.

துண்டுக்குள்ளிருந்து ஒர்சோலா பேசினாள். யாரையும் பார்க்காமல், பாறையிடம் சொல்வதுபோலப் பேசினாள்.

"வெட்டி எடுத்ததுக்கு அப்புறம் தோள் கட்டிக்கிச்சு. கை மேல தூக்க முடியல. கடல்ல நீந்துன்னு சொன்னாரு டாக்டர். ஊருக்கு நடுவுல நான் எப்படிப் போவேன்? அண்ணன்தான் இங்க கூட்டிட்டு வரும். ஊருக்கு வெளிய, கோயில் மேட்டுக்குக் கீழ கரையோரமா நான் நிப்பேன், படகுல ஏத்திக்கும். அந்தப் பாறைக்கு அந்தப் பக்கமா, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துக்கும். காவல். கையில தூண்டில். முள்ளுல பாதி நாள் இரையே இருக்காது."

"இரை இல்லாமயா?" என்றாள் பெரினா.

"மறந்துடும். வேற படகு வந்தா இருமும். நான் தண்ணிக்குள்ள போயிடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கியிருந்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. உங்ககிட்டயும் சேத்துத்தான்."

பெரினா துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனத்தில் முள் ஒன்று குத்தியது உண்மை. ஒரே கட்டிலில் இத்தனை வருடம் படுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் கேலி செய்தபோது வாயைத் திறக்கவில்லை. அவளே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்! மத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழித்த முழி கண்முன்னால் வந்தது. அந்த முழிதான் முள்ளை எடுத்தது.

"கஞ்சப்பய" என்றாள். "பொய் சொல்றதுக்காவது நல்ல மீனா வாங்கியிருக்கலாம்."

ஒர்சோலா அழுதாள். துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப மலைப்பாதையில நடந்து வரேன் அண்ணி. ஆட்டுத்தடம். வராம இருந்து பாத்தேன், தோள் மறுபடி கட்டிக்கிச்சு. அண்ணனுக்கு வருஷம்கூட முடியல, நான் குளிக்கறேன். தப்புன்னு தெரியும். அதான்…"

"அதான் என் ரேடியோவைத் திருப்பி வெச்சியாக்கும். நீ செய்யற தப்புக்கு நான் பத்தியமா?"

ஒர்சோலா தலையாட்டினாள். மறுக்கவில்லை. அது அவளுடைய நல்ல குணம்.

"சரி, சண்டை போதும்" என்றாள் ஸ்டானா. இன்னும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றாள். திரும்பி ஏற பயம். "வெயில் வர்றதுக்குள்ள வந்த வேலையப் பாப்போம். அக்காவைத் தண்ணியில எறக்கணும். நான் இதுக்குமேல ஒரு படி எறங்க மாட்டேன், என்னைக் கொன்னாலும் மாட்டேன். உள்ள நின்னு பிடிக்க ஒரு ஆள் வேணும்."

ஒரு ஆள்தான் இருந்தாள். ஒர்சோலா துண்டை இறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள், பெரினாவைப் பார்த்தாள். துண்டோடு உள்ளே போக முடியாது.

பெரினா அவளை அவசரப்படுத்தவில்லை. கறுப்பு உடுப்பைத் தலைவழியாகக் கழற்றி மடித்து வைத்தாள். இடுப்பிலிருந்து தொடைவரை ஓடிய தழும்பு, தையல் பிரித்த பையின் ஓரம்போலச் சிவப்பாக இருந்தது. அவளும் அதை இதுவரை ஸ்டானாவைத் தவிர யாரிடமும் காட்டவில்லை.

"நல்லாத் தச்சிருக்கானா பாரு" என்றாள்.

ஒர்சோலா பார்த்தாள். "கோணலா இருக்கு. பீடத்துணி தைக்கற என்கிட்ட கேட்டிருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, துண்டைப் படியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். இரண்டு கையையும் நீட்டினாள். நெஞ்சை மறைக்க அவளுக்குக் கை மிச்சமில்லை.

பெரினா அவள் முகத்தை மட்டும் பார்த்தாள். "தண்ணி எப்படி இருக்கு?"

"கத்தி மாதிரி இருக்கு. வாங்க."

"ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது நோவுக்கால்" என்று ஸ்டானா பாடம் சொன்னாள். "நல்லவங்க மேல போவாங்க, கெட்டவங்க கீழ போவாங்க. அப்படி ஞாபகம் வெச்சுக்குங்க."

ஸ்டானா படகைப் படியோடு சேர்த்துப் பிடிக்க, பெரினா எழுந்து நோவுக்காலை முதலில் படியில் வைத்தாள். குழாயை ஒரு கையிலும் ஒர்சோலாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டாள். பாஸ்கோ பூசிய படிகள் தாழ்வாக இருந்ததால் இடுப்பு மடங்க வேண்டியிருக்கவில்லை. தங்கைக்காகப் போட்ட படி. மார்புவரை தண்ணீர் வந்ததும் கடல் அவளைத் தூக்கிக்கொண்டது. நான்கு மாதமாக மரக்கட்டைபோல இழுத்துத் திரிந்த கால், சொன்ன பேச்சைக் கேட்டு முன்னால் போனது. இன்னொரு அடி. இன்னொன்று. தண்ணீருக்கடியில் தட்டையாக இருந்த பாறை விளிம்பில் அவள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள், திரும்பி நடந்தாள். ஒர்சோலா முழங்கையைத் தாங்கியபடி பக்கத்தில் வந்தாள்.

"சாமியார் வீட்டுச் சமையல்காரி கீரைக்கு இன்னும் உருளைக்கிழங்கு போட மாட்டேங்கறாளாமே?" என்றாள் பெரினா.

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க!" என்று ஒர்சோலா ஆரம்பித்தாள். இத்தனை வருடத்தில் அவள் கடலில் நின்று ஊர்க்கதை பேசியதே இல்லை. பேச யாரும் இருந்ததில்லை. அன்றைக்கு நிறுத்த முடியவில்லை.

வெளியே ஏறியதும் பழைய ஒர்சோலா திரும்பி வந்துவிட்டாள். "ஈரத் துணியோட கல்லுல உக்காராதீங்க அண்ணி! அடிவயிறு குளுந்துபோகும். மாத்துங்க, உடனே மாத்துங்க. ஸ்டானா, துண்டைப் பிடி. அந்தப் பக்கம் காத்து வருது பாரு!"

"பாத்துக்க ஊராட்சி அனுப்பினது யாரை, இவங்களையா என்னையா?" என்று முணுமுணுத்தபடி ஸ்டானா துண்டைப் பிடித்தாள்.

திரும்பும்போது ஒர்சோலாவையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். வீட்டுத் துறையை நெருங்கினபோது வலைக்காரன் ஆந்த்ரோ தன் படகில் வலை உதறிக்கொண்டிருந்தான். இரண்டு கறுப்பு முக்காடுகளையும் அவற்றுக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்த தலைமுடியையும் பார்த்தான்.

"எங்க போயிட்டு வரீங்க?"

"தூண்டில் போட" என்றாள் பெரினா.

"என்ன கெடைச்சுது?"

"ஒண்ணும் கடிக்கல."

ஆந்த்ரோ கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். ஒரு கை மத்தியை அள்ளிக் காகிதத்தில் சுற்றி, எட்டி, அவள் படகில் வைத்தான். "பாஸ்கோவுக்கும் இவ்வளவுதான் குடுப்பேன்" என்றான்.

அடுத்த ஞாயிறு ஒர்சோலா வந்தபோது காலுறையைக் கிள்ளவில்லை. நேரே அலமாரிக்குப் போய் ரேடியோவைத் திருப்பினாள்.

"வானிலை மட்டும்தான்" என்றாள் கண்டிப்பாக. "தெற்குக் காத்து எப்ப வருதுன்னு தெரிய வேணாமா?"

அந்தக் கோடையும் இலையுதிர் காலத்தின் பாதியும் மூன்று பேரும் தூண்டில் போடப் போனார்கள். வானிலைக்குப் பிறகு ஒரு பாட்டும் சில நாள் கேட்டது. ஒர்சோலாவுக்கு அப்போதெல்லாம் காது மந்தமாகிவிடும். செப்டம்பரில் நடைச்சட்டம் ஊராட்சி அலுவலகத்துக்குத் திரும்பிப் போனது. மகனிடம் பெரினா, "அந்த எடத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு, சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள்.

நவம்பரில், ஆலிவ் பறித்து முடிந்த பிறகு, பாஸ்கோவின் வருடத் திருப்பலி. மாதா கோயில் குன்றின்மேல் இருக்கிறது, படிகள் செங்குத்து. பெரினா ஒரு கைத்தடியோடு, நல்ல காலை முன்னால் வைத்து ஏறினாள். ஒரு பக்கம் ஒர்சோலா, பின்னால் ஒரு படி இறங்கி ஸ்டானா. மேலே வாசலில் நின்ற பெண்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

"பிப்ரவரியில விழுந்தவளா இது? என்ன வைத்தியம் பண்ணினீங்க பெரினா?"

பெரினாவுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குப் பதிலாக ஒர்சோலா சொன்னாள்.

"ஜெபம்."

பின்னால் ஸ்டானாவுக்குப் பெரிதாக இருமல் வந்தது. ஒர்சோலா திரும்பாமலே கையை நீட்டி அவள் முழங்கையில் கிள்ளினாள். மற்றொரு கை, கட்டிப்போயிருந்த அந்த இடது கை, ஒரு படி மேலே நின்ற பெரினாவின் கக்கத்தைத் தாங்கியபடியே இருந்தது. தன் தோளுயரம்வரை, வலியில்லாமல், அந்தக் கை உயர்ந்திருந்தது.